கையெழுத்திடுமுன் பொருளறிக!
(மக்கள் வாழ்வும் சட்டமும் பற்றிய சொற்பொழிவு)



சட்டத்தை அறியாமை வழக்குமன்றத்தில் காப்பாகாது என்பது உலகம் ஒப்பிய நெறி. 'இப்படியொரு சட்டம் இருப்பது தெரியாது' என்று சொல்லி எவரும் தப்பிவிட இயலாது. அங்ஙனமாயின், மக்கள் அறிந்தே தீரவேண்டிய அச்சட்டம் மக்கள் அறிந்த மொழியில் இருத்தல் வேண்டுமன்றோ? கடமையை மட்டும் மக்கள் தலையில் ஏற்றிவிட்டு, அதனை உணர்த்தும் சொல்லை அயல்மொழிக்குள் பூட்டி வைப்பது எவ்வகை அறம்?

வழக்குமன்ற வாயிலில் ஓர் உழவன் நிற்கின்றான். அவன் செவியில் விழுவன யாவை? வக்காலத்து, வாய்தா, சாமீன், சப்தி, தாவா, பைசல். இவை அரபி, பாரசீக வழியாக வந்தவை. அடுத்து விழுவன சீவனாம்சம், பாத்தியதை, கிரயம், சுவாதீனம். இவை வடமொழியின் வழியே வந்தவை. அவற்றின்மேல் டிக்கிரி, சம்மன், அபிடவிட்டு என்னும் ஆங்கிலம். ஆண்டவர் மாறினர், சொற்கள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்துவிட்டன. பிணை, தவணை, வழக்கு, தீர்ப்பு, பற்றுகை, அழைப்பாணை என்று தமிழில் சொன்னால் அவ்வுழவனுக்குப் பாதி விளங்கும். விளங்கினால் பாதி அச்சம் அகலும். அச்சம் அகன்றவனை ஏய்த்தல் எளிதன்று. அதனாலேயே மொழியைப் பற்றிய கேள்வி வெறும் மொழிக் கேள்வியாக நில்லாமல், வீடு, நிலம், பெண்ணின் பங்கு, முதியோரின் சோறு ஆகியவற்றைப் பற்றிய கேள்வியாகிறது.

'விடுதலைப் பத்திரம்' என்று ஓர் ஆவணம் உண்டு. விடுதலை எனும் சொல்லைக் கேட்டவுடன் தமிழர் உள்ளத்தில் எழுவது தளை அறுந்த மகிழ்ச்சி. ஆனால் இவ்வாவணத்தில் விடுதலை பெறுவது யார்? தந்தை இறந்த சின்னாட்களில் உடன்பிறந்தான் தங்கையை அழைத்துச் சென்று, 'பட்டா மாற்றுவதற்கு ஒரு கையெழுத்து' என்கின்றான். அவளும் அண்ணன் சொல்லைத் தட்டாமல் இடுகின்றாள். அவள் கையினின்று விடுதலையாகிப் போவது அவளுடைய பங்கு! உரிமைத் துறப்பு ஆவணம் என்று அதன் தலைப்பிலே எழுதப்பட்டிருந்தால் அவள் ஒரு நொடியேனும் எழுதுகோலை நிறுத்தி, 'எதைத் துறக்கின்றேன்?' என்று கேட்டிருப்பாள். ஒரு சொல்லின் மயக்கம் ஒரு வாழ்நாள் உரிமையை விழுங்கிவிடுகிறது.

அவள் உரிமைதான் யாது? 1929-ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய முதல் தன்மதிப்பு இயக்க மாநாடு பெண்ணுக்கு ஆணோடு ஒத்த சொத்துரிமை வேண்டுமெனத் தீர்மானம் நிறைவேற்றிற்று. அறுபது ஆண்டுகள் கழிந்தபின் தமிழ்நாடு அதனைச் சட்டமாக்கிற்று. இந்து மரபுரிமைச் சட்டத்தில் செய்யப்பட்ட அத்திருத்தம் 1989 மார்ச்சு 25 முதல் செல்லுபடியாயிற்று. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனைப் போன்றே மகளும் பிறப்பால் பங்குடையவள் என்றது அது. ஆனால் அந்நாளுக்கு முன்னரே மணமானவர்க்கு அவ்வுரிமை இல்லை என்றும் அது வரையறுத்தது. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த நடுவணரசின் திருத்தம் மணமானவர், ஆகாதவர் என்னும் அவ்வேற்றுமையைக் களைந்தது. 2005-இல் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டுமா என்னும் ஐயத்தையும் உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்த்துவைத்தது. உரிமை பிறப்பால் வருவது. அன்று தந்தை உயிரோடிருந்தாரா என்பது பொருட்டன்று என்று அது கூறிற்று. எனினும், 2004 திசம்பர் 20-க்கு முன்னரே பதிவு ஆவணத்தாலோ வழக்குமன்றத் தீர்ப்பாலோ முடிந்துபோன பங்குபிரிப்புகளை இச்சட்டம் கலைப்பதில்லை.

தந்தை தாமே ஈட்டிய சொத்தின் நிலை வேறு. அதனை அவர் உயில் வழியாக எவர்க்கும் எழுதிவைக்கலாம். உயில் எழுதாமல் அவர் இறந்தால் மனைவி, தாய், மகன், மகள் ஆகியோர்க்கு ஒப்பப் பங்கு. கிறித்தவர்க்கு 1925-ஆம் ஆண்டின் மரபுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு போக எஞ்சியது மகனுக்கும் மகளுக்கும் சமமாகும். முசுலீம்களிடையே அவர்தம் சமயச் சட்டப்படி மகனின் பங்கில் பாதி மகளுக்குரியது. இச்சட்டங்களுள் எதுவும் மகளுக்கு ஒன்றுமில்லை என்று கூறவில்லை. 'நகை போட்டோம், சீர் செய்தோம். அதுவே உன் பங்கு' என்னும் பேச்சு ஊர்ப்பேச்சேயன்றிச் சட்டப் பேச்சன்று.

பங்கு வேண்டாவென்று ஒரு பெண் தன் விருப்பத்தால் விட்டுக்கொடுப்பாளாயின் அஃது அவள் பெருந்தன்மை. எவரும் குறுக்கிட வேண்டுவதில்லை. ஆனால் அறிந்து கொடுப்பது கொடை. அறியாமல் கொடுப்பது இழப்பு. ஏமாற்றிப் பெற்ற ஆவணத்தை நீக்க வழக்கிடலாம். ஏமாற்றம் தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் அதனைச் செய்தல் வேண்டும். உறவு கெடுமே என்று அஞ்சி நாளைக் கடத்துவோர் உறவையும் காத்ததில்லை, உரிமையையும் காத்ததில்லை.

இனி, முதியோர் நிலை. வீட்டையும் நிலத்தையும் மகன் பெயர்க்கு எழுதிவைத்துவிட்டு, அவ்வீட்டுத் திண்ணையிலேயே ஒதுக்கப்பட்டுக் கிடக்கும் பெற்றோரை ஊர்தோறும் காணலாம். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பேணற் சட்டம் அவர்க்கு ஒரு கைக்கோலாகும். வருவாய்க் கோட்டாட்சியரைத் தலைவராகக் கொண்ட தீர்ப்பாயத்தில், வழக்கறிஞர் இன்றித் தாமே சென்று அவர்கள் முறையிடலாம். திங்களுக்குப் பத்தாயிரம் உருபா வரை பிள்ளைகள் கொடுக்குமாறு ஆணையிட அதற்கு உரிமை உண்டு. எழுதிக் கொடுத்த சொத்தையும் மீட்கலாம். ஆயின், அச்சட்டம் வந்த பின்னர் எழுதப்பட்ட கொடையாக அஃது இருத்தல் வேண்டும். பேணிக் காத்தல் வேண்டும் என்னும் கட்டோடு அது கொடுக்கப்பட்டிருத்தல் வேண்டும். அக்கட்டு மீறப்பட்டிருத்தலும் வேண்டும். அந்த ஒரு வரி ஆவணத்தில் இல்லாமையால் வழக்குமன்றங்களில் தோற்றுத் திரும்பியோர் உளர். ஆகலின், கொடை எழுதுவோர், 'எங்கள் வாழ்நாள் முழுதும் உணவும் உறையுளும் மருத்துவமும் தந்து பேணுதல் வேண்டும்' என்னும் வரியைத் தெளிந்த தமிழில் எழுதச் செய்தல் வேண்டும். பெற்ற பிள்ளை மேல் ஐயமா என்று வினவுவோர்க்கு விடை ஒன்றே. நல்ல பிள்ளைக்கு அவ்வரி சுமையாகாது. அல்லாத பிள்ளைக்கு அவ்வரியே கடிவாளம்.

கைவிடப்பட்ட மனைவிக்கும் குழந்தைகளுக்கும் பெற்றோர்க்கும் சீவனாம்சம் எனப்படும் பிழைப்புத் தொகை கேட்கும் உரிமை 1973-ஆம் ஆண்டின் குற்றநடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில் இருந்தது. 2024 சூலை முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அது 144-ஆம் பிரிவு ஆயிற்று. முறையீடு கொடுத்த நாளிலிருந்தே அத்தொகை கணக்கிடப்படல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் நெறி வகுத்தது. கணவன் வீடு மாமியார் பெயரில் இருப்பினும், குடும்பமாய் வாழ்ந்த அவ்வீட்டினின்று மனைவியைச் சட்டமுறையின்றி வெளியே தள்ளுதல் கூடாது என்று 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் கூறுகிறது.

அடுத்து, குடியிருக்கும் இடம். நகரங்களில் குடிக்கூலிக்கு இருப்போர் தொகை பெரிது. முன்னர் இருந்த 1960-ஆம் ஆண்டுச் சட்டம் நீங்கி, 2017-இல் இயற்றப்பட்ட புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்பிரவரி 22 முதல் நகர்ப்புறங்களில் நடைமுறையில் உள்ளது. அதன்படி உடன்படிக்கை எழுத்தில் இருத்தல் வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அலுவலரிடம் அது பதியப்படல் வேண்டும். பதினொரு திங்களுக்கு எழுதினால் பதிவே வேண்டா என்னும் பழைய எண்ணம் இச்சட்டத்திற்குப் பொருந்தாது. வேறு உடன்பாடு இல்லாதவிடத்து முன்பணம் மூன்று திங்கள் கூலிக்கு மேற்படலாகாது. 'வேறு உடன்பாடு' என்னும் அச்சிறு சொற்களே ஆங்கிலத்தில் எழுதிய உடன்படிக்கையின் நடுவில் ஒளிந்து நிற்கும்; படியாமல் கையெழுத்திட்டோர் பத்துத் திங்கள் முன்பணம் கொடுத்துத் தவிப்பர்.

வீட்டை விட்டு எழுப்புவதற்காகக் குடிநீரையும் மின்சாரத்தையும் அறுப்பது சட்டத்திற்கு முரண். கொடுத்த கூலிக்குக் கையெழுத்திட்ட பற்றுச்சீட்டுக் கேட்பது குடியிருப்போர் உரிமை. வீட்டுடையார்க்கும் காப்பு உண்டு. இரு திங்கள் கூலியை நிறுத்தி, கேட்பறிக்கை கொடுத்த ஒரு திங்களுக்குள்ளும் செலுத்தாதவரை வெளியேற்ற அவர் முறையிடலாம். சட்டம் ஒருபாற் கோடுவதற்கன்று. இருபாலும் அறிந்து நடத்தற்கே. சொந்த வீடு வாங்குவோர் ஒன்றை நினைவிற் கொள்க. பட்டா வருவாய்த்துறையின் பதிவேயன்றி உரிமையின் வேரன்று. பதிவு பெற்ற மூல ஆவணங்களையும் வில்லங்கச் சான்றையும் பாராமல் பட்டாவை மட்டும் நம்பிப் பொருளைக் கொட்டுதல் மணலில் கால்கோள் இடுவதாகும்.

வழக்குமன்றத்தைப் பற்றிய அச்சமே பலரை வீழ்த்துகிறது. அழைப்பாணையை வாங்காமல் மறுத்தால் வழக்கு நின்றுவிடும் என்று எண்ணுவோர் பலர். நிற்காது, மறுத்ததையே சேர்ப்பிக்கப்பட்டதாகக் கொண்டு வழக்கு நடக்கும். உரிமை வழக்கில் எதிருரை கொடுக்க முப்பது நாள். வழக்குமன்றம் இசைந்தால் தொண்ணூறு நாள் வரை நீளும். வராதவர்மேல் ஒருதலைத் தீர்ப்பு வரும். அதனை நீக்கக் கேட்பதற்கும் முப்பது நாளே. அழைப்பாணை முறையாகச் சேராதவர்க்கு மட்டும் தீர்ப்பை அறிந்த நாளிலிருந்து அக்கணக்குத் தொடங்கும். மாவட்ட மன்றத்திற்கு மேல்முறையீடு முப்பது நாளுக்குள். உயர்நீதிமன்றத்திற்குத் தொண்ணூறு நாளுக்குள். நாட்களை எண்ணத் தெரியாதவர் உண்மையுடையவராயினும் தோற்பர்.

பொருளில்லை என்று வாளாவிருக்கவும் வேண்டுவதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர், உடற்குறையுடையோர், தொழிலாளர், காவலில் இருப்போர் ஆகியோர்க்கு வருவாய் எவ்வளவாயினும் கட்டணமின்றி வழக்கறிஞர் அமர்த்தப்படுவர். ஏனைய ஏழையர்க்கு வருவாய் வரம்பு உண்டு. மாவட்டந்தோறும் வட்டந்தோறும் இவ்வமைப்பு உள்ளது. 15100 என்னும் தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம். இதன்வழி நடக்கும் மக்கள் நீதிமன்றத்தில் இருவரும் இசைந்து முடித்தால் கட்டிய மன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அம்முடிவின்மேல் முறையீடும் இல்லை. முறையீடு இல்லை என்பதால், இசையுமுன் பொருளறிதல் அங்கும் இன்றியமையாதது.

இவ்வளவும் மக்கட்குத் தெரியாமற் போனது ஏன்? 1956-இல் தமிழ் ஆட்சிமொழியாயிற்று. 1976-இல் வந்த திருத்தம் கீழமை மன்றங்களில் சான்று பதிதற்கும் தீர்ப்பு எழுதுதற்கும் தமிழை உரிய மொழியாக்கிற்று. உயர்நீதிமன்றத்தில் மாநில மொழியைப் புகுத்த அரசியலமைப்பின் 348-ஆம் பிரிவு குடியரசுத் தலைவரின் இசைவோடு வழிவிடுகிறது. இராசத்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய மாநிலங்களின் உயர்நீதிமன்றங்களில் இந்திக்கு அவ்வழி திறந்தது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் இயற்றித் தமிழுக்கு அதனைக் கேட்டது. 2012-இல் உச்ச நீதிமன்ற நடுவர்களின் முழுக்கூட்டம் அதனை ஏற்கவில்லை. இந்திக்குத் திறந்த கதவு தமிழுக்கு அடைபட்டது! அதன்மேலும், 2024-இல் வந்த குற்றச் சட்டங்கட்கு ஆங்கிலத்திலும்கூட 'பாரதிய நாகரிக் சுரக்சா சங்கிதா' என்பன போன்ற வடமொழிப் பெயர்களே இடப்பட்டன. குற்றஞ்சாட்டப்பட்ட தமிழன் தன்மேல் பாயும் சட்டத்தின் பெயரையும் பலுக்க இயலாமல் நிற்கின்றான்.

ஆனால், தில்லி திறக்க வேண்டிய கதவுக்காகக் குரல் கொடுக்கும்போதே, தமிழர் தம் கையாலேயே திறக்கத்தக்க கதவுகளை மூடிவைத்திருத்தல் தகுமா? விற்பனை ஆவணத்தையும் உயிலையும் குடிக்கூலி உடன்படிக்கையையும் தமிழில் எழுத எவர் தடை செய்தார்? பதிவு அலுவலகம் தமிழ் ஆவணத்தை ஏற்கின்றது. கீழமை மன்றத்தில் தமிழில் முறையிடவும் தமிழில் தீர்ப்புக் கேட்கவும் சட்டம் இடந்தருகின்றது. கேட்பார் இல்லாமையாலேயே கொடுப்பாரும் இலராயினர்.

ஆதலின், படித்த தமிழிளைஞர் ஒவ்வொருவரும் தம் தெருவுக்கு ஒரு தொண்டு செய்தல் வேண்டும். ஆவணம் எழுதப்படும் வீட்டில், கையெழுத்திடுவார் கேட்குமாறு அதனை முதலிலிருந்து இறுதிவரை உரத்துப் படித்துக் காட்டுக. விளங்காத சொல் ஒவ்வொன்றிற்கும் நேர்த்தமிழ்ச் சொல்லை எழுதச் செய்க. நாட்கணக்கை நினைவூட்டுக. அன்னையும் தங்கையும் பொருளறிந்து, 'ஆம்' என்றால் இடட்டும். 'இல்லை' என்றால் எழுதுகோல் கீழே இருக்கட்டும்.

தன் மொழியில் படித்துணர்ந்து இடும் ஒரு கையெழுத்தே உரிமையுள்ள மாந்தனின் கையெழுத்து. ஏனையது வெறும் மைக்கறை.