இளையோருக்கு இடம்

தோல்விமேல் தோல்வி காணும் அணிக்கு ஆலோசனை கூறுவோர் என்றும் குறைவதில்லை. பயிற்றுவிப்பாளரை மாற்றுக என்பார் ஒருவர். தலைவரை நீக்குக என்பார் மற்றொருவர். ஆயினும், எல்லோரும் ஒருமுகமாகக் கூறும் ஆலோசனை ஒன்றுண்டு. மூத்தவர்களை விலக்கி இளைஞர்க்கு இடங்கொடுக்க வேண்டும் என்பதே அது. கேட்குங்கால் எளியதாயும் நீதியானதாயும் தோன்றும் இவ்வாலோசனை, செயலில் எத்துணை அரியது என்பதை அவுஸ்திரேலிய உதைபந்தாட்டத்தின் அண்மைக்கால வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

அவுஸ்திரேலிய உதைபந்தாட்டம் அந்நாட்டுக்கே உரிய தனி ஆட்டமாகும். 1859 ஆம் ஆண்டில் மெல்பேண் நகரில் இதன் விதிகள் எழுதப்பெற்றன. புகழ்வாய்ந்த கிரிக்கெட் வீரராய் விளங்கிய தொம் வில்ஸ், அவ்விதிகளை வகுத்தோருள் ஒருவர். மைதானம் முட்டை வடிவானது, பந்தும் அத்தகையதே. பக்கத்துக்குப் பதினெண்மர் களத்தில் நிற்பர். பந்தைக் காலால் உதைக்கலாம், கைமுட்டியால் குத்தி அனுப்பலாம்; எறிதல் மட்டும் ஆகாது. களத்தின் இரு முனைகளிலும் நந்நான்கு கம்பங்கள் நடப்பட்டிருக்கும். நடுவிலுள்ள இரு கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்தால் ஆறு புள்ளிகள். நடுக்கம்பத்துக்கும் அதன் அருகேயுள்ள ஓரக்கம்பத்துக்கும் இடையே சென்றால் ஒரு புள்ளி. ஓட்டமும் மோதலும் இடைவிடாத இவ்வாட்டத்தில், பள்ளிப்படிப்பை முடித்துவந்த பதினெட்டு வயதினன், உடல் முற்றி உரமேறிய முப்பது வயதினனை நேர்நின்று எதிர்க்க வேண்டியவனாகின்றான். இளைஞர்க்கு இடமளிப்பதில் உள்ள முதல் இடர்ப்பாடு இதுவே.

நலிந்த அணிகளுக்குக் கைகொடுக்கும் பொருட்டு, 1986 ஆம் ஆண்டு தொடக்கம் ஒரு முறை கையாளப்படுகின்றது. ஆண்டு முடிவில் இளம் வீரர்களைக் கழகங்கள் வரிசைப்படி தெரிவு செய்யும்போது, அட்டவணையின் அடியில் நின்ற கழகமே முதலில் தெரியும் உரிமை பெறுகின்றது. கடைசியாய் நின்றவனுக்கு முதற்கவளம் என்பது போன்ற ஏற்பாடு இது. ஆயினும், சிறந்த விதை கிடைத்துவிட்டதனால் மட்டும் பயிர் விளைந்துவிடுவதில்லை. மெல்பேண் கழகத்தின் கதை அதற்குச் சான்று பகரும்.

அவுஸ்திரேலிய உதைபந்தாட்டக் கழகங்களுள் மிகப் பழையது மெல்பேண் கழகம். 1964 ஆம் ஆண்டில் வெற்றிக் கிண்ணம் வென்றபின் அது நெடுங்காலம் வாடிக் கிடந்தது. 2008 இலும் 2009 இலும் அட்டவணையின் கடைசி இடமே அதற்கு வாய்த்தது. அதன் பயனாக, 2009 ஆம் ஆண்டின் தெரிவில் முதலாம் இரண்டாம் வீரர்கள் இருவரையும் அக்கழகமே பெற்றது. கழகத்தார் எதிர்காலம் முழுவதையும் இளைஞர் தோள்மீது ஏற்றினர். அனுபவம் மிக்க மூத்தோர் சில ஆண்டுகளுள் ஒருவர்பின் ஒருவராகச் சென்றனர். 2010 ஆம் ஆண்டு முடிவில் அணித்தலைவருக்கே விடைகொடுக்கப்பட்டது. மூத்தோருக்குப் பின் களத்தில் எஞ்சியவர்கள், தமக்கு வழிகாட்ட ஒருவரைத் தேடும் பருவத்தினரே.

விளைவு 2011 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் வெளிப்பட்டது. ஜீலோங் அணி அவர்களை 186 புள்ளி வித்தியாசத்தில் வீழ்த்தியது. இரண்டு நாட்களில் பயிற்றுவிப்பாளர் பதவி இழந்தார். முதல் வீரராகத் தெரியப்பட்ட இளைஞர் அவ்வாண்டு முடிவில் புதிய கழகமொன்றுக்குச் சென்றார். இரண்டாவதாகத் தெரியப்பட்ட ஜாக் ட்ரெங்கோவ், 2012 இல் இருபது வயதிலேயே இணைத்தலைவராக்கப்பட்டார். அப்போட்டியின் வரலாற்றில் அத்துணை இளவயதில் அப்பொறுப்பை ஏற்றவர் வேறெவரும் இலர். பெருமைக்குரிய செய்திதான், ஆனால், அப்பெருமையினுள் அடங்கியிருந்த சுமை எத்தகையது! 2013 ஆம் ஆண்டில் அவ்வணி இரண்டே ஆட்டங்களில் வென்றது. பாரந்தாங்கும் முன்னே கன்றுக்கு நுகம் பூட்டிய கதையாயிற்று.

இனி, அதே நகரத்தைச் சேர்ந்த ஹோதோர்ண் கழகத்தை நோக்குவோர்க்கு வேறொரு காட்சி புலப்படும். 2004 ஆம் ஆண்டில் அக்கழகம் நான்கே ஆட்டங்களில் வென்று, பதினாறு அணிகளுள் பதினைந்தாவதாய் நின்றது. முப்பத்தாறு வயதினரான அலஸ்டையர் கிளார்க்சன் பயிற்றுவிப்பாளராக நியமிக்கப்பட்டார். அவ்வாண்டுத் தெரிவில் ஜாரிட் ரஃப்ஹெட், லான்ஸ் பிராங்ளின், ஜோர்டன் லூயிஸ் ஆகிய மூவரும் அணியிற் சேர்ந்தனர். மூவரும் அடுத்த ஆண்டிலேயே களமிறங்கினர். அணி என்ன ஆயிற்று? 2005 இல் ஐந்து வெற்றிகள். 2006 இல் ஒன்பது. 2007 இல் பதின்மூன்று. 2008 இல் பதினேழு. படிப்படியாய் ஏறிய இவ்வேணியில் முதலிரு படிகளும் ஆதரவாளருக்குக் கசப்பானவையே. சந்தா செலுத்தி, குளிரிலும் மழையிலும் வந்திருந்து, வாரந்தோறும் தோல்வியைக் கண்டு வீடு திரும்பியவர்கள் அவர்கள். பொறுமை என்னும் சொல்லின் விலையை அவர்களே செலுத்தினர்.

ஹோதோர்ண் கழகமும் மூத்த வீரர் சிலரை வெளியேற்றியது உண்மையே. ஆயினும், எல்லோரையும் அது வெளியேற்றவில்லை. ஷேன் குரோபர்ட் என்பார் 1999 முதல் 2004 வரை அதன் தலைவராக விளங்கியவர். நாட்டின் தலைசிறந்த வீரருக்குரிய பதக்கத்தையும் பெற்றவர். தலைமைப் பதவி பிறர் கைக்கு மாறியபின்பும் அவர் அணியை விட்டகலவில்லை. தம்மினும் இளையவர் தலைமையின்கீழ் மேலும் நான்கு ஆண்டுகள் ஆடினார். அதனோடு நில்லாது, 2006 இல் ஓய்வுபெற்றுவிட்ட ஸ்டுவேட் டியூ என்னும் வீரரையும் 2008 ஆம் ஆண்டுக்கென அக்கழகம் மீண்டும் களத்துக்கு அழைத்தது. வேறொரு கழகத்தில் வெற்றிக் கிண்ணத்தை வென்று பழகியவர் அவர்.

2008 ஆம் ஆண்டின் இறுதி ஆட்டம், கிரிக்கெட் அன்பர்கள் நன்கறிந்த மெல்பேண் மைதானத்திலே நடைபெற்றது. எதிரணியாகிய ஜீலோங் முந்திய ஆண்டு கிண்ணம் வென்ற அணி. அவ்வாண்டின் முதற்சுற்று ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில் மட்டும் தோற்ற அணி. ஹோதோர்ண் அணியிலோ முப்பத்து நான்கு வயதுக் குரோபர்ட்டும் பத்தொன்பது வயதுச் சிரில் ரியோலியும் ஒருங்கே நின்றனர். தலைவர் சாம் மிச்சலுக்கு வயது இருபத்தைந்து. மூன்றாம் கால்பகுதியில் ஆட்டத்தின் போக்கைத் திருப்பியவருள் முதன்மையானவர், மீண்டும் அழைக்கப்பட்ட டியூ. ஹோதோர்ண் 26 புள்ளிகளால் வென்றது. பதினாறு ஆண்டுகள் ஆடியும் எட்டாதிருந்த கிண்ணம், குரோபர்ட்டின் கடைசி ஆட்டத்திலே அவர் கைக்கு எட்டியது. இளைஞர்க்கு வழிவிட்டு நின்ற மூத்தவருக்கு, அவ்விளைஞரே கிண்ணத்தைப் பெற்றுக்கொடுத்தனர் எனலாம்.

பிறிஸ்பேன் கழகத்தின் அனுபவமும் இதனோடு ஒத்துச் செல்வது. 2013 ஆம் ஆண்டு முடிவில் ஐந்து இளம் வீரர்கள் அக்கழகத்தை ஒருங்கே நீங்கினர். வீட்டை விட்டுத் தொலைதூரம் வந்த இளைஞனுக்கு மைதானத்தில் இடமிருந்தால் மட்டும் போதாது. மாலையில் திரும்பிச் செல்ல மனமொப்பும் ஓரிடமும் வேண்டும் என்பதை அக்கழகம் அன்று உணர்ந்திருக்கும். 2017 இல் கடைசி இடத்துக்கு இறங்கிய அக்கழகத்தை, ஹோதோர்ணில் கிளார்க்சனோடு பணியாற்றிய கிறிஸ் பேகன் அவ்வாண்டு பொறுப்பேற்றிருந்தார். அடுத்த ஆண்டிலே, ஹோதோர்ணின் முன்னாள் தலைவர் லூக் ஹோட்ஜ் முப்பத்து மூன்று வயதில் அங்கு ஆடவந்தார். இளைஞரிடையே நின்று, களத்திலேயே வழிகாட்டுதல் அவர் பணியாயிற்று. 2018 இலும் ஐந்தே வெற்றிகள். எவரையும் துரத்தாமல் கழகம் பொறுத்திருந்தது. 2019 இல் அட்டவணையில் இரண்டாமிடம். 2024 இலும் 2025 இலும் வெற்றிக் கிண்ணம்.

மெல்பேண் கழகத்துக்கும் நற்காலம் பிறவாமற் போகவில்லை. 2009 ஆம் ஆண்டின் அதே தெரிவில், 34 ஆவது வீரராக நெடிதுயர்ந்த இளைஞர் ஒருவர் சேர்ந்திருந்தார். மக்ஸ் கோன் என்பது அவர் பெயர். முழங்காற் காயத்தால் நெடுநாள் களமிழந்தார். நாட்டின் சிறந்த அணியில் அவர் பெயர் முதன்முதல் இடம்பெற்றது 2016 ஆம் ஆண்டிலேதான். முதலிரு வீரர்கள்மீது உடனே ஏற்றப்பட்ட பாரம் இவர்மீது ஏற்றப்படவில்லை. வளர்வதற்கு ஏழாண்டு கிடைத்தது. 2021 இல், ஐம்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின்னர் மெல்பேண் கழகம் கிண்ணம் வென்றபோது, அதனை ஏந்திய தலைவர் இவரே.

இவற்றிலிருந்து பெறப்படுவது யாது? இளைஞனைக் களத்தில் இறக்கிவிடுதல் வாய்ப்பளிப்பதன் தொடக்கம் மட்டுமே. அவன் ஆற்றக்கூடிய சிறுபணி ஒன்றை வரையறுத்துக் கொடுத்தல் வேண்டும். தவறியபோது மறுவாரமே தூக்கியெறியாது, மீண்டும் முயல இடந்தரல் வேண்டும். உடல் முற்றும்வரை இரண்டாம் அணியில் ஆடவைத்தலும் அவமதிப்பாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவன் திரும்பி நோக்கும்போது அருகிலே ஒரு மூத்தவர் நிற்றல் வேண்டும். முதியோர் சொல்லும் முதுநெல்லிக்கனியும் முன்னே கசந்து பின்னே இனிக்கும் என்பர். அச்சொல்லைக் கேட்பதற்கு இளைஞனும், சொல்வதற்கு முதியவரும் ஒரே களத்தில் இருந்தாலன்றோ அது பயன்படும்!

நலிவுற்ற அணியின் நிருவாகிகளுக்கு மூத்தோரை நீக்குவது ஒரு நாளைய வேலை. இளையோரை வளர்ப்பதோ பல்லாண்டு வேலை. முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதையும் செய்துவிட்டதாக எண்ணுவோர், அடுத்த ஆண்டும் அட்டவணையின் அடியிலேயே தம் அணியைத் தேட வேண்டியிருக்கும்.