குடும்பச் சுற்றுலாவும் குட்டி உயிர்களும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன மாதம் கூப்பிட்டு, "நீ பூச்சி போட்டோ எடுப்பியே, அதைப் பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசேன்" என்றார். "புலி, யானை எதுவும் எடுக்கலையா?" என்றும் கேட்டுவைத்தார். எடுக்கவில்லை ஐயா. புலிக்கு முதுமலை போக வேண்டும், ஜீப்புக்குப் பணம் கட்ட வேண்டும், நாலு நாள் காத்திருக்க வேண்டும். அப்போதும் அது வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்கமாட்டார்கள். எருக்கஞ்செடிக்குப் போனால் ஏதாவது ஒன்று கட்டாயம் உட்கார்ந்திருக்கும். வங்கிச் சம்பளத்தில், எல்.டி.சி. போட்டு, மனைவி மக்களோடு ஊர் பார்க்கப் போனவனுக்கு ஏற்ற வேட்டை இதுதான்.

ஒரு கலர் ரோலில் 36 படம். கழுவிப் பிரிண்ட் போடுகிற செலவு அந்த மாத வீட்டுக் கணக்கில் பளிச்சென்று தெரியும். அதனால் எங்கள் வீட்டில் ஒரு ஒப்பந்தம் இருந்தது: முப்பது படம் குடும்பத்துக்கு, ஆறு படம் பூச்சிக்கு. ஊட்டி தாவரவியல் பூங்காவில் எல்லோரும் பூப்பாத்தி முன்னால் வரிசையாக நிற்பார்கள். நான் பாத்தி ஓரத்தில் மண்டிபோட்டுக் கிடப்பேன். "ஏங்க, நாங்க இங்க நிக்கிறோம், நீங்க எங்க பாக்கறீங்க?" என்று என் வீட்டுக்காரம்மா கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. செல்போனில் ஒரே நாளில் ஆயிரம் படம் எடுக்கிற பேரப்பிள்ளைகளுக்கு அந்த ஆறின் அருமை புரியாது. ஆறுதான் உண்டு என்றால், பொத்தானை அமுக்குவதற்கு முன்னால் அரை மணி நேரம் பூச்சியைப் பார்த்துத்தானே தீர வேண்டும்? எனக்குக் கிடைத்த லாபம் அந்தப் பார்வை. படம் என்பது மேல் வரும்படி.

விலங்கியல் படித்தவர்களுக்குப் பூச்சிப் பெட்டி நினைவிருக்கும். செய்முறைத் தேர்வுக்கு ஆளுக்கு ஒரு பெட்டி, உள்ளே குண்டூசி குத்திய பூச்சிகள், மூலையில் ஒரு நாப்தலீன் உருண்டை. அதைக் குறை சொல்ல வரவில்லை. அந்த முறையில்தான் உலகத்துப் பூச்சிகளுக்கெல்லாம் பெயர் வந்தது. அதில் நம் கடற்கரைக்கும் பெரிய பங்கு உண்டு. நம் காரைக்காலுக்கு அடுத்தாற்போல் இருக்கும் தரங்கம்பாடிக்கு, டேனிஷ்காரர்கள் ஆண்ட காலத்தில், 1768-ல் கோனிக் என்று ஒரு மருத்துவர் வந்தார். லின்னேயஸின் மாணவர். இங்கே பிடித்த பூச்சிகளை ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அவற்றை ஃபாப்ரிசியஸ் என்ற பூச்சியியல் அறிஞர் விவரித்துப் பெயரிட்டார். கோனிக்கின் பெயர் நம் சமையலறையிலேயே இருக்கிறது. கறிவேப்பிலையின் அறிவியல் பெயரான முர்ராயா கோனிகியில் வரும் 'கோனிகி' அவர்தான். நாம் தினமும் அவரைத் தாளித்துக் கொட்டுகிறோம். (சிரிப்பு)

கறிவேப்பிலை என்றதும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுத் தொட்டிச் செடியை ஒரு நாள் ஏதோ மொட்டையடித்துவிட்டது. "காக்கா எச்சம் மாதிரி ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கு, நகருது" என்று வீட்டில் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் புழு. கறிவேப்பிலை அழகி என்று இப்போது தமிழில் அழைக்கிறார்களே, அந்தக் கறுப்பு வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை. எலுமிச்சைச் செடியில் வரும் எலுமிச்சை அழகியும் இதே இனம்தான். சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம் போல வேஷம். வளர்ந்ததும் தோலுரித்து இலைப் பச்சைக்கு மாறிவிடும். விரலால் லேசாகச் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்பு நீட்டும், கூடவே ஒரு வாடை. இந்தக் கொம்பைப் படமெடுப்பதற்காகப் புழுவைச் சீண்டிக்கொண்டே இருக்கும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை பார்த்தால் போதும், விட்டுவிடுங்கள். என் மகளுக்குப் பூச்சி என்றால் அலறல். அந்தச் செடியில் கூடு கட்டி, பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து இறக்கை விரித்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகு அலறல் நின்றது. கரப்பானுக்கு மட்டும் விலக்கு. ரசத்துக்குக் கறிவேப்பிலையைக் கடையில் வாங்கிக்கொண்டோம்.

தொழில் விஷயம் கொஞ்சம் சொல்ல வேண்டும் என்று புகைப்படக்கார நண்பர்கள் கேட்டார்கள். நான் வைத்திருந்தது பென்டாக்ஸ் கே1000. எல்லாம் கையால் திருப்புவது. 1976 முதல் 1997 வரை அந்த மாடல் தயாரானது. கூட ஒரு 50 மி.மீ. லென்ஸ். முதலில் அதன் முன்னால் திருகும் குளோசப் லென்ஸ் வாங்கினேன். +4 என்று போட்டிருப்பது வண்ணத்துப்பூச்சிக்குப் போதும், எறும்புக்குப் போதாது. எறும்புக்கு, லென்ஸுக்கும் காமிராவுக்கும் நடுவே குழாய் போட்டு நீட்ட வேண்டும். 50 மி.மீ. லென்ஸை 50 மி.மீ. தள்ளி வைத்தால் பூச்சி எவ்வளவோ அவ்வளவே படச்சுருளில் விழும். அங்கேதான் வம்பு ஆரம்பம். எஃப் 16 வரை மூடினாலும் கூர்மையாக விழும் ஆழம் சுமார் இரண்டு மில்லிமீட்டர். எறும்பின் கண் தெளிந்தால் பின்னங்கால் மங்கும். வெளிச்சமும் நாலில் ஒரு பங்காகிவிடும். ஆகவே ஃபிளாஷ் கட்டாயம். அதன் முன்னால் ஒரு டிரேசிங் பேப்பர் ஒட்டினால் வெளிச்சம் மெத்தென்று விழும். வளையத்தைத் திருகி ஃபோகஸ் பண்ணாதீர்கள். மூச்சை அடக்கி உடம்பையே முன்னும் பின்னும் ஆட்டுங்கள். பக்கவாட்டில் நின்று, பூச்சியின் உடம்பும் படச்சுருளும் ஒரே தளத்தில் இருக்கும்படி பாருங்கள். நேரம், விடியற்காலை. மார்கழிப் பனியில் தட்டான்கள் இறக்கையில் முத்துக் கோத்த மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கும். எட்டரை மணிக்கு மேல் அதுகள் ராஜாக்கள், நாம் துரத்துகிற சேவகர்கள். இதெல்லாம் இன்றைய டிஜிட்டல் காமிராவுக்கும் பொருந்தும். செல்போனில் ஆழம் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். அது ஒரு சௌகரியம்.

இப்போது ஒரு சுற்றுலா. பௌர்ணமிக்குத் திருவக்கரை வக்கிரகாளியைத் தரிசிக்கப் போகாத புதுச்சேரிக் குடும்பம் குறைவு. கோயிலுக்குக் கொஞ்ச தூரத்தில் கல்மரப் பூங்கா. சுமார் இரண்டு கோடி வருஷத்துக்கு முன் வெள்ளத்தில் அடித்து வந்து புதைந்து கல்லாகிப்போன மரங்கள். அவற்றை 1781-ல் உலகுக்குச் சொன்னவர் பியர் சொன்னேரா, நம் ஊரில் இருந்த பிரெஞ்சு இயற்கையாளர். அடுத்த வருஷமே பாரிஸில் அவருடைய இந்தியப் பயண நூல் படங்களோடு இரண்டு பாகமாக வெளிவந்தது. நம் காட்டுக்கோழியின் அறிவியல் பெயரில் இன்றும் அவர் பெயர்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறது. அவரிடம் காமிரா கிடையாது, தூரிகை இருந்தது.

அந்தச் செம்மண்ணில், மழை படாத நிழலாகப் பார்த்து, புனல் மாதிரி சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். நாம் பள்ளிக்கூடத் திண்ணையோரம் ஊதி ஊதி எடுத்து விளையாடின குழியானை! அது யானையும் இல்லை, வண்டும் இல்லை. தட்டான் மாதிரி பறக்கப்போகும் ஒரு பூச்சியின் இளம்பருவம். குழியின் அடியில் தாடையை மட்டும் நீட்டிக்கொண்டு கிடக்கும். எறும்பு சறுக்கினால் மணலை வாரி அடித்து உள்ளே இழுக்கும். பின்பக்கமாகவே நடக்கும். வளரும் வரை கழிவே வெளியேற்றாது. குடலின் கடைசி மூடியிருக்கிறது, எல்லாவற்றையும் சேர்த்துவைத்து இறக்கை முளைத்த பிறகுதான். இதை என் பேரனிடம் சொன்னபோது கல்மரத்தை மறந்துவிட்டான். அன்று எல்லோரும் தரையில் குப்புறப் படுத்திருந்தோம், என் சம்பந்தியம்மா உட்பட. தரிசனத்துக்கு வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

நம் ஊரிலேயே இருக்கிற இன்னொன்று. பூவரசு, மா மரங்களில் இலையைத் தைத்துக் கூடு கட்டும் செவ்வெறும்பு, தெற்கே முசுறு என்பார்களே, அதன் வரிசையைக் கவனியுங்கள். நடுவில் ஒன்று மட்டும் கொஞ்சம் தயங்கி நடக்கும். கால்களை எண்ணுங்கள். எட்டு இருக்கும். முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பு மாதிரி தூக்கிக்கொண்டு எறும்பு வேஷம் போடும் சிலந்தி அது. தொட்டுப் பாருங்கள், நூல் விட்டுக் கீழே இறங்கும்; எறும்பு அப்படிச் செய்யாது. கடித்தால் எறும்பு.

புரட்டாசி ஐப்பசியில் திறந்தவெளிகளில் தலைக்கு மேல் கூட்டமாகப் பறக்கும் மஞ்சள் தட்டானை எல்லோரும் பார்த்திருப்போம். மழை வரப்போகிறது என்று பாட்டி சொன்னதோடு நாம் விட்டுவிட்டோம். மாலத்தீவில் வசித்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர் விடவில்லை. நன்னீர்க் குளமே அரிதான தீவுக்கு ஒவ்வொரு அக்டோபரிலும் இவ்வளவு தட்டான் எங்கிருந்து வருகிறது என்று வருஷக்கணக்கில் தேதி குறித்துவைத்து, 2009-ல் கட்டுரை எழுதினார். இந்தியாவிலிருந்து கடல் தாண்டி, மாலத்தீவு வழியாக, கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகின்றன; போய்த் திரும்பும் சுற்று நாலு தலைமுறையில் முடிகிறது என்பது அவர் கணிப்பு. வாலில் நூல் கட்டி நாம் கல் தூக்கவைத்தோமே, அந்தத் தட்டான்.

அவரிடம் இருந்தது என்ன? தேதி, இடம், பார்த்தது. அவ்வளவுதான். நான் இன்று உங்களிடம் கேட்க வந்ததும் அதுதான்.

லாஸ்பேட்டையில் நான் குடிபோனபோது எங்கள் தெருவில் ஒன்பது காலி மனை. எருக்கும் கிலுகிலுப்பையும் மண்டிக் கிடக்கும். எருக்கில் வெந்தய வரியன் முட்டையிடும். மஞ்சளும் நீலமுமாகப் பெயின்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டுக்கிளி, பிடித்தால் பால் பீச்சும். கிலுகிலுப்பையில் ஆண் வண்ணத்துப்பூச்சிகள் கொத்தாகத் தொங்கும். அந்தச் செடியின் நச்சுச் சாறு அவற்றுக்குப் பெண்ணை மயக்கும் வாசனை தயாரிக்க வேண்டும். இன்று ஒரு மனைதான் மிச்சம். அதையும் குடியிருப்போர் கூட்டத்தில் "புதர், பாம்பு வரும், கொசு வரும்" என்று சொல்லி மருந்தடித்துச் சுரண்டிவிடத் தீர்மானித்தார்கள். கொசு எருக்கில் முட்டையிடாது, உங்கள் மாடித் தொட்டியில்தான் இடும் என்று எழுந்து சொன்னேன். யாரும் கேட்கவில்லை. மறுவாரம் பழைய ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். இந்த மனையில், இந்தத் தேதியில், இந்த இந்த உயிர் என்று இருபத்திரண்டு படம், பின்னால் பேனாவில் எழுதியது. கூட்டத்தில் இருந்த பிள்ளைகள் பிடுங்கிப் பார்த்தார்கள். கொசுத் தண்ணீரை மட்டும் அகற்றுவது, செடியை விடுவது என்று முடிவானது. மனைக்காரர் வீடு கட்டும் வரைதான், தெரியும். அதுவரைக்காவது இருக்கட்டுமே.

பெரிய இடங்களை அரசாங்கம் பார்த்துக்கொள்கிறது. ஊசுடு ஏரியின் நம் பக்கத்தை 2008-ல் சரணாலயம் ஆக்கினார்கள். தெருமுனை எருக்கைச் சரணாலயமாக்க யாரும் வரமாட்டார்கள். மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் மாதவையாவின் மகன், யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தவர், தன் பத்தியில் அணிலையும் காக்கையையும் பல்லியையும் பற்றி அதே மரியாதையோடு எழுதினார். 1950-லிருந்து 1996-ல் கண்மூடும் வரை எழுதினார்.

ஒரு விஷயத்தில் நான் கறார். பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து மரக்கவைத்து எடுக்கிறார்கள். தவளையை நூலில் கட்டிக் கைதூக்க வைக்கிறார்கள். குருவிக்கூட்டின் மறைப்பு இலைகளை வெட்டிப் படமெடுத்துவிட்டுப் போகிறார்கள். பின்னாலேயே காக்கை வரும். அப்படிப்பட்ட படத்துக்குப் பரிசு கிடைத்தாலும் என் வீட்டில் அதற்குச் சுவர் கிடையாது.

கடைசியாக, உங்கள் அலமாரிகளைத் திறந்து பாருங்கள். நம் ஊர்க் கடல்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை பூக்கும், நெகட்டிவ் ஒட்டிக்கொள்ளும். இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நீலம் வெளுத்து இளஞ்சிவப்பானால் வாணலியில் வறுத்தால் மறுபடி நீலமாகும்; சமையல் வாணலி வேண்டாம், வீட்டில் சண்டை வரும். தானே புயல் 2011 டிசம்பர் 30-ல் நம் மரங்களைச் சாய்த்தது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் பல வீடுகளுக்குள் தண்ணீரைக் கொண்டுவந்தது. என் நெகட்டிவ்கள் பரணில் டிபன் டப்பாவில் இருந்ததால் பிழைத்தன. சாய்ந்துபோன மரமும் மூடிப்போன குளமும் உங்கள் கல்யாணப் படத்துக்குப் பின்னணியில் இருக்கலாம். இடமும் வருஷமும் எழுதி, ஒரு பிரதி சங்கத்துக்குக் கொடுங்கள். பெட்டி செயலாளர் மேஜையில் இருக்கிறது.

நாளைக் காலை ஆறு மணிக்கு ஊசுடு ஏரிக்கரையில் நிற்பேன். பேரப்பிள்ளைகளைக் கூட்டிவாருங்கள். இட்லிப் பொட்டலம் நம் பொறுப்பு. செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். செவ்வெறும்பு மரத்தில் சாய்ந்து நிற்காதீர்கள்.