வெறுங்கால் கதை



மண்டபம் தோணித்துறைப் பக்கம் சாயங்காலம் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும். வலையைச் சுருட்டி ஓரம் வைத்துவிட்டு, இந்தப் பக்கம் இரண்டு செருப்பு, அந்தப் பக்கம் இரண்டு செருப்பு என்று கோல் எல்லை போட்டுப் பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருப்பார்கள். யார் காலிலும் பூட்ஸ் கிடையாது. ஈர மணலில் பந்து எம்பாது. தரையோடு தரையாகத்தான் போகும். அதை விரலால் இழுத்து, உள்ளங்காலால் நிறுத்தி, திருப்பிவிடுகிற அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

வேடிக்கை பார்க்கிற பெரியவர்களில் ஒருவர் அப்போது ஒரு கதையை எடுப்பார். "இப்பிடித்தான்யா அந்தக் காலத்துல நம்மாளுக வெறுங்காலோட ஆடுனாக. பூட்ஸ் போட்டாத்தான் உலகக் கோப்பையில விடுவம்னு வெள்ளக்காரன் சொன்னான். போங்கடான்னு இவுக போகாமயே இருந்துட்டாக."

உடற்கல்வி ஆசிரியராக இருந்த காலத்தில் நானும் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். கேட்கப் பெருமையாக இருக்கும், அதனால் சொன்னேன். இன்று அதைத் திருத்திச் சொல்ல வேண்டும் என்றுதான் ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் உண்மையான பெருமை. 1948 ஜூலை 31. லண்டன் ஒலிம்பிக். விடுதலை கிடைத்து ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. இல்ஃபோர்டு என்ற இடத்தில் பிரான்சை எதிர்த்து இந்தியா இறங்கியது. தலைவர் நாகா மலையிலிருந்து வந்த மருத்துவ மாணவர் தலிமெரன் ஆவ். அணியில் பெரும்பாலோர் காலில் துணிக்கட்டு மட்டும்தான். பிரான்ஸ் ஒரு கோல் போட்டு முன்னே நின்றது. 70ஆவது நிமிடத்தில் மைசூர் அணிக்கு ஆடிவந்த சாரங்கபாணி ராமன் அதைச் சமன் செய்தார். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து கோல் அது. கடைசி நேரத்தில் பிரான்ஸ் இன்னொன்று போட்டு 2-1 என்று ஜெயித்துவிட்டது. அந்த ஆட்டத்தில் நமக்கு இரண்டு பெனால்டி கிடைத்தது. இரண்டையும் விட்டோம். கதை சொல்கிறவர்கள் வெறுங்காலைச் சொல்வார்கள். விட்டுப்போன அந்த இரண்டு பெனால்டியைச் சொல்ல மாட்டார்கள்.

அடுத்து 1950, பிரேசில் உலகக் கோப்பை. நம் தகுதிச்சுற்றுப் பிரிவில் இருந்த பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் மூன்றும் விலகிக்கொண்டன. ஒரு ஆட்டம்கூட ஆடாமல் நமக்கு இடம் கிடைத்தது. இத்தாலி, ஸ்வீடன், பராகுவே இருந்த பிரிவில் நம் பெயரும் விழுந்தது. பயணச் செலவில் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ளக்கூட பிரேசில்காரர்கள் முன்வந்தார்கள். நாம்தான் போகவில்லை. கால்பந்துச் சம்மேளனம் அப்போது சொன்ன காரணங்கள் வேறு: வீரர்களைத் தேர்வு செய்வதில் கருத்து வேறுபாடு, பயிற்சிக்கு நேரம் போதாது. அதோடு, அந்தக் காலத்து ஆட்களுக்கு ஒலிம்பிக்தான் பெரிது. உலகக் கோப்பையின் மதிப்பு இங்கே யாருக்கும் பிடிபடவில்லை. வெறுங்கால் காரணம் என்பது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. திறந்து கிடந்த வாசலுக்குள் நாமே நுழையவில்லை என்பதை ஒத்துக்கொள்வதைவிட, எவனோ வாசலை அடைத்தான் என்று சொல்வது சுலபம் இல்லையா?

வெறுங்காலின் நல்லது கெட்டது இரண்டையும் சொல்லிவிடுகிறேன். காய்ந்த தரையில், மணலில், பந்து எங்கே தொடுகிறது, எவ்வளவு அழுத்தம் என்று கால் விரலுக்கே தெரியும். குட்டிப் பாஸ், சட்டென்று திரும்புவது, எதிராளி காலிடுக்கில் பந்தைத் தள்ளி எடுப்பது எல்லாம் அதில் வரும். ஆனால் மழை பெய்தால்? அந்தக் காலத்துத் தோல்பந்து தண்ணீர் குடித்துக் கல்லாகக் கனக்கும். தரை வழுக்கும். எதிரே வருகிறவன் பூட்ஸ் ஆணியை நம் கால்மேல் வைத்தால் அதோடு சரி. 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், குளிர் நாட்டில், யூகோஸ்லாவியா நம்மை 10-1 என்று அடித்துப்போட்டது. நம் ஒரே கோலை அகமது கான் போட்டார். அதற்குப் பிறகுதான் இங்கே பூட்ஸ் கட்டாயமாயிற்று.

இந்த இடத்தில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சையது அப்துல் ரஹீம். ஹைதராபாத்துக்காரர். பள்ளி ஆசிரியராக இருந்து ஹைதராபாத் போலீஸ் அணிக்குப் பயிற்சியாளர் ஆனவர். 1951இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் ஈரானை 1-0 என்று வென்று, மேவாலால் போட்ட கோலில் தங்கம் வாங்கிய அணி அவர் கைப்பட்ட அணி. ஹெல்சிங்கியில் பத்து கோல் வாங்கித் திரும்பியவரும் அவர்தான்.

நம் மண்டபத்துக்கு இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடை எழும்பி வடகடல் கொந்தளித்தால் படகைத் தென்கடலுக்குக் கொண்டுபோய்விடுவோம். காற்று திரும்பினால் படகும் திரும்பி வந்துவிடும். எங்கள் தாத்தா கட்டிய கரை இது, இங்கேதான் கட்டுவேன் என்று எந்த மீனவனும் பிடிவாதம் பிடிக்க மாட்டான். ரஹீம் செய்தது அதுதான். அதே ஹெல்சிங்கியில் தங்கம் வாங்கியது ஹங்கேரி. நடு முன்கள வீரரைக் கோல் முனையில் நிறுத்தாமல் பின்னுக்கு இழுத்து, அவரைத் துரத்தி வருகிற தடுப்பாளர் விட்ட இடத்தில் மற்றவர்களைப் புகவிடும் ஆட்டம் அவர்களுடையது. ரஹீம் அந்த முறையை எடுத்துக்கொண்டார். ஊரில் பையன்களுக்குப் புதுவிதமான பந்தயங்களை வைத்தார். ஒன்றில் பந்தை உருட்டிக்கொண்டே ஓடக் கூடாது, வந்தவுடன் பாஸ் கொடுத்துவிட வேண்டும். இன்னொன்றில் பழகாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும். வலதுகாலன் இடதுகாலால், இடதுகாலன் வலதுகாலால். பயிற்சி என்றால் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடச் சொல்வது என்று நினைத்துக்கொண்டிருந்த என்னைப் போன்றவர்களுக்கு அது ஒரு பாடம்.

பலன் 1956இல் மெல்போர்னில் தெரிந்தது. ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4-2 என்று வென்றோம். நெவில் டிசோசா மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் ஆசியர் அவர். அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய நாடும் நாம்தான். அங்கே மீண்டும் யூகோஸ்லாவியா. முதல் கோலை நாம் போட்டும் 4-1 என்று தோற்றோம். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3-0. நான்காம் இடம். எடைபோடுவதென்றால் நேர்மையாகப் போட வேண்டும்: அந்த ஒலிம்பிக்கில் ஆடியவை பதினொரு அணிகள்தான், முதல் சுற்றில் நம்மோடு மோத வேண்டிய ஹங்கேரி வரவே இல்லை. ஆனாலும், நாலு வருடத்துக்கு முன் பத்து கோல் வாங்கிய அதே எதிரியிடம் இப்போது முதல் கோல் நம்முடையது. வளர்ச்சி அதில்தான் இருக்கிறது.

அந்தக் காலத்தின் கோல் காவலர் பீட்டர் தங்கராஜ். பிறந்தது ஹைதராபாத். ராணுவத்தில் சேர்ந்து நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்துக்கு ஆடினார். முன்கள வீரராகத் தொடங்கியவர், பிறகு கோல்கீப்பர் ஆனார். ஆறடிக்கு மேல் உயரம். கோல்கீப்பர் என்றால் பாய்ந்து விழுகிறவர் என்று நினைக்கிறோம். நல்ல கோல்கீப்பர் பெரும்பாலும் விழ வேண்டியிருக்காது. பந்து எங்கே வரும் என்று கணித்து முன்னமே அங்கே போய் நிற்பார். முன்கள வீரராக இருந்தவருக்கு, உதைக்கிறவன் மனசு தெரியும். 1958இல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அவருடைய பெரிய நாள் 1962 செப்டம்பர் 4. ஜகார்த்தா ஆசிய விளையாட்டு, இறுதிப் போட்டி, எதிரே தென்கொரியா. முதல் ஆட்டத்தில் நம்மை 2-0 என்று வீழ்த்திய அதே கொரியா. அரங்கம் நிறைந்த கூட்டம், அத்தனையும் நமக்கு எதிராகக் கூச்சல். இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா விசா மறுத்தது பற்றி ஓர் இந்திய அதிகாரி கேள்வி எழுப்பியதுதான் அந்தக் கோபத்துக்குக் காரணம். நம் தடுப்பாளர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் தையல். தங்கராஜுக்குக் காய்ச்சல். ரஹீம் என்ன செய்தார்? உயரப் பந்தைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று தங்கராஜைக் கோலில் நிறுத்தினார். தடுப்பாளர் ஜர்னைலை முன்களத்துக்கு அனுப்பினார். 17ஆவது நிமிடத்தில் பி.கே. பானர்ஜி ஒன்று, 20ஆவது நிமிடத்தில் தையல் போட்ட தலைக்காரர் ஜர்னைல் ஒன்று. 2-1. தங்கம். ரஹீமுக்கு அப்போதே புற்றுநோய். மறுவருடம் ஜூனில் காலமானார். 2024இல் அஜய் தேவ்கன் நடித்து வந்த 'மைதான்' இந்த ரஹீமின் கதைதான்.

அதற்குப் பிறகு? 1964இல் ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம், 1970இல் பாங்காக்கில் ஜப்பானை வென்று வெண்கலம். அவ்வளவுதான். 1960 ரோமுக்குப் பிறகு நம் ஆண்கள் அணி ஒலிம்பிக் மைதானத்தை மிதித்ததே இல்லை.

ஏன் என்று கேட்டால் ஜப்பானைப் பாருங்கள். 1962இல் நாம் 2-0 என்று வென்ற நாடு அது. 1960களில் ஜெர்மானியப் பயிற்சியாளர் டெட்மார் கிராமரை அழைத்து வந்தார்கள். 1965இல் நாடு முழுவதற்குமான லீக் தொடங்கினார்கள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் வெண்கலம். நமக்கு நாடு தழுவிய லீக் வந்தது 1996இல். முப்பத்தோரு வருடம் பிந்தி. நெடுங்காலம் நம் உள்நாட்டுப் போட்டிகள் 70 நிமிடம்தான் நடந்தன. எழுபது நிமிடத்துக்குப் பழகிய காலை வெளிநாட்டில் தொண்ணூறு நிமிடம் ஓடச் சொன்னால் கடைசி இருபது நிமிடத்தில் என்ன ஆகும்? காற்று மாறியது ஊருக்கே தெரிந்தது. நாம் படகை அவிழ்க்கவில்லை.

இன்றைய நிலையையும் சொல்கிறேன். உலகத் தரவரிசையில் நாம் தொட்ட உச்சம் 94, அது 1996 பிப்ரவரி. அடிமட்டம் 173, 2015 மார்ச். தெற்காசியாவுக்குள் நாம்தான் அண்ணன்: 2023 வரை ஒன்பது தெற்காசியக் கோப்பை. ஆனால் இந்தக் கரையில் இருக்கிறவர்கள், குறிப்பாக மண்டபம் அகதி முகாமில் இருக்கும் இலங்கை உறவுகள், ஒன்றை மறந்திருக்க மாட்டார்கள். 1995இல் கொழும்பில் அதே கோப்பைக்கான இறுதி ஆட்டத்தில் கூடுதல் நேரக் கோலில் நம்மைத் தோற்கடித்தது இலங்கை. சின்னத் தீவு என்று அலட்சியமாக இருக்க முடியாது.

தொண்ணூறுக்கு மேல் சர்வதேச கோல் போட்ட சுனில் சேத்ரி நமக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம். ஆனால் 2024 ஜூனில் ஓய்வு பெற்றவரை மறுவருடமே திரும்ப அழைத்தோமே, அது அதிர்ஷ்டம் இல்லை, வறுமை. 2025 அக்டோபர் 14 அன்று கோவாவில் சிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்குப் போகும் வாய்ப்பையும் இழந்தோம். அந்த வருடம் நம் சூப்பர் லீக்கே உரிய மாதத்தில் தொடங்கவில்லை. ஆட்டமே இல்லாத வீரனிடம் வெற்றியைக் கேட்பது, கடலுக்குப் போகாத படகில் மீனைத் தேடுவது மாதிரி.

நம்பிக்கை வேறு பக்கத்திலிருந்து வருகிறது. அதே 2025இல், ஜூலை 5 அன்று, நம் பெண்கள் அணி தாய்லாந்தை அவர்கள் ஊரான சியாங் மாயில் 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. தகுதிச்சுற்றில் ஆடி ஜெயித்து அவர்கள் உள்ளே போனது அதுதான் முதல் முறை. தமிழ்நாட்டுப் பெண்கள் 2018இலும் 2023இலும் தேசியப் பட்டம் வென்றிருக்கிறார்கள். கடலூர் இந்துமதி கதிரேசன் காவல் துறையில் பணி செய்துகொண்டே இந்தியாவுக்கு ஆடினார். ஆண்களிலும், கன்னியாகுமரிக் கரையில் இரவிபுத்தன்துறை என்ற மீனவ ஊரிலிருந்து மைக்கேல் சூசைராஜ் 2019இல் இந்தியச் சட்டை போட்டார். மணலில் பந்து பழகிய காலுக்கு அந்த இடம் எட்டாத இடம் இல்லை.

என் கணிப்பு இதுதான். இந்தியக் கால்பந்தின் நல்ல காலம் வெறுங்காலால் வந்ததல்ல. பூட்ஸால் போனதும் அல்ல. வெளியே போய், தோற்று, எப்படித் தோற்றோம் என்று பார்த்து, ஊருக்கு வந்து மாற்றிக்கொண்ட பத்துப் பன்னிரண்டு வருடம்தான் அந்த நல்ல காலம். மாற்றிக்கொள்வதை நிறுத்தியபோது அது முடிந்தது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மணலில் ஆடுகிற பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைக்காதீர்கள். பெண் பிள்ளை கேட்டால் அவளையும் அனுப்புங்கள். பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாளைக்குத் தோணித்துறையில் நின்று அந்தக் கதையை எடுக்கும்போது, ரஹீம் சாயபு வைத்த பழகாத கால் பந்தயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அந்தப் பையன்களை ஒரு பத்து நிமிடம் இடதுகாலால் மட்டும் ஆடச் சொல்லிப் பாருங்கள்.