கண்ணுக்குள் ஓர் ஒளி



விடியுமுன் பால்மரம் சீவச் செல்லும்போது, நெற்றி விளக்கின் ஒளி பட்டு ஒரு மரநாயின் கண்கள் இருளில் மின்னுவதைக் கண்டிருப்பீர்கள். அக்கண்ணினுள் ஆடி போன்ற படலம் உண்டு. உள்ளே சென்ற ஒளி வந்த வழியே திரும்புகிறது. விளக்கு உங்கள் கண்ணருகே இருப்பதால் அது உங்களுக்குத் தெரிகிறது.

மனிதக் கண்ணில் அத்தகைய ஆடி இல்லை. ஆயினும் சிறிதளவு ஒளி திரும்பத்தான் செய்கிறது. அதைக் காணக் குனிந்தால் நம் தலையே விளக்கை மறைத்துவிடும். ஆதலால் கண்மணி கறுப்பாகத் தோன்றுகிறது. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இத்தடையை நீக்கினார். சாய்த்து வைத்த கண்ணாடியால் ஒளியை உள்ளே செலுத்தி, அக்கண்ணாடியின் ஊடாகவே விழித்திரையை நோக்கினார். அக்கருவியை அவர் 1851ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார்.

இதனால் நமக்கு என்ன பயன்? உடலைக் கீறாமல் இரத்த நாளங்களை இவ்வளவு தெளிவாகக் காண வேறிடம் இல்லை. இனிப்புநீர் நோய், விழித்திரையின் நுண்ணிய நாளங்களைக் கெடுக்கின்றது. அவை புடைக்கும், கசியும், பின்னர் இரத்தமும் வடியும். தொடக்கத்தில் வலி இராது, பார்வையும் குறையாது. நோயாளி அறியாததை மருத்துவர் ஒளியின் துணையால் அறிகிறார்.

மரப்பட்டையின் ஆழத்தை அறிய உங்களுக்குக் கத்தி வேண்டும். விழித்திரையோ ஏறத்தாழக் கால் மில்லிமீட்டர் கனமே உடையது. 1991ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் அறிவித்த மற்றொரு கருவி, திரும்பி வரும் ஒளியை அளந்து, அதன் அடுக்குகளைக் கத்தியின்றியே படமாகக் காட்டுகிறது.

“கண் நன்றாகத்தானே தெரிகிறது, சோதனை எதற்கு?” என்று கேட்பவர் பலர். பார்வை மங்கும்வரை காத்திருப்பதே பெருந்தவறு. தக்க தருணத்தில் செய்யும் லேசர் சிகிச்சை கேட்டினைத் தடுக்கவல்லது; இழந்த பார்வையை மீட்பதோ அரிது.

ஆகவே, இனிப்புநீர் உள்ளது எனத் தெரிந்தவுடனும், அதன்பின் ஆண்டுதோறும், அல்லது மருத்துவர் குறிக்கும் காலத்திலும், கண்ணின் உட்புறத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். சோதனைக்கென விடும் சொட்டு மருந்தினால் சில மணி நேரம் கண் கூசும், பார்வை மங்கலாகும். அன்று மோட்டார் சைக்கிள் ஓட்டலாகாது. துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.

இருளில் மரத்துக்கு மரம் வழிகாட்டும் உங்கள் கண்களுக்கு, ஆண்டில் ஒரு நாளை ஒதுக்குங்கள்.