பட்ஜெட்டில் நம்ம பேரில் எழுதுற பணம்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் எங்கள் களப்பணிக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



மத்திய பட்ஜெட் அன்னைக்கு நாம டி.வி.யில் என்ன பார்க்கிறோம்? தங்கம் விலை ஏறுமா, செல்போன் விலை குறையுமான்னு பார்க்கிறோம். அதோடு சரி. "லட்சம் கோடிக் கணக்கு நமக்கு எதுக்குங்க?" என்று நாங்கள் போகிற ஊரில் எல்லாம் கேட்கிறார்கள்.

கணக்கு நமக்குப் புதுசா சகோதரிகளே? குழுவில் இருபதாயிரம் ரூபாய் இருக்கு. ஐந்து பேருக்குக் கடன் வேண்டும். கூட்டத்துக்கு வந்து, இன்ன காரணம் என்று சொல்லிக் கேட்டவர் பெயர்தான் தீர்மானப் புத்தகத்தில் ஏறும். நாட்டுக் கணக்கிலும் இதே கதைதான்.

2017-ஆம் ஆண்டு முதல் மத்திய பட்ஜெட் பிப்ரவரி 1-ஆம் தேதி தாக்கல் ஆகிறது. ஆனால் அதற்கான வேலை முந்தின வருஷமே தொடங்கிவிடும். ஒவ்வொரு அமைச்சகமும் தன் தேவையை எழுதிக் கொடுக்கும். நிதியமைச்சர் தொழிலதிபர்களையும், விவசாய சங்கங்களையும், தொழிற்சங்கங்களையும், சமூக அமைப்புகளையும் கூப்பிட்டுப் பேசுவார். சி.ஐ.ஐ., ஃபிக்கி போன்ற தொழில் துறைக் கூட்டமைப்புகள் தங்களுக்கு என்ன வரிச்சலுகை வேண்டும் என்று கோரிக்கை கொடுத்துவிடும். அவங்க கேட்பது தப்பில்லை. நம்ம பக்கம் யார் கேட்பது என்பதுதான் கேள்வி.

நம்ம பக்கமும் கேட்டவர்கள் இருக்கிறார்கள். 2001-ல் ராஜஸ்தானில் கடும் வறட்சி. அரசு கிடங்குகளில் தானியம் குவிந்து கிடந்தது, ஜனங்கள் பட்டினி கிடந்தார்கள். பி.யு.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. உணவு உரிமை இயக்கம் என்று பல அமைப்புகள் ஒன்று சேர்ந்தன. 2001 நவம்பர் 28-ஆம் தேதி, அரசு தொடக்கப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த மதிய உணவு தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. நம்ம தமிழ்நாட்டில் 1982 முதல் சத்துணவு இருந்ததால், "இது நடக்கிற காரியமா?" என்று யாரும் சொல்ல முடியவில்லை. 2004 பட்ஜெட்டில் கல்விக்கென்று 2 சதவீத கூடுதல் வரி போட்டார்கள். அந்தப் பணத்தில் மதிய உணவும் அடங்கும் என்று நிதியமைச்சரே அறிவித்தார். தெருவில் கேட்ட கேள்வி பட்ஜெட் புத்தகத்தில் ஏறியது.

அடுத்து நம்ம விஷயம். தென் ஆப்பிரிக்காவில் 1995-ல் நாடாளுமன்ற உறுப்பினர்களும் இரண்டு அமைப்புகளும் சேர்ந்து, பட்ஜெட்டில் பெண்களுக்கு எவ்வளவு போகிறது என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினார்கள். இந்தியாவிலும் பெண்கள் அமைப்புகள் இதைக் கேட்டன. டெல்லியில் உள்ள தேசிய பொது நிதி மற்றும் கொள்கை நிறுவனம் ஆய்வு செய்து கொடுத்தது. 2005-06 பட்ஜெட்டில்தான் முதல் முறையாகப் பெண்களுக்கான தனி அறிக்கை வந்தது. அதில் காட்டிய தொகை 14,379 கோடி ரூபாய். 2025-26-ல் அதே அறிக்கையில் உள்ள தொகை சுமார் 4.49 லட்சம் கோடி ரூபாய்.

கேட்க சந்தோஷமாக இருக்கு, இல்லீங்களா? அங்கேதான் கொஞ்சம் நிற்கணும். டெல்லியில் சி.பி.ஜி.ஏ. என்ற பட்ஜெட் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அவர்களும் மற்ற ஆய்வாளர்களும் இந்த அறிக்கையை வரி வரியாகப் படித்தார்கள். வீடு கட்டும் திட்டத்தின் பணத்தை முழுசாகப் பெண்கள் கணக்கில் எழுதியது ஏன் என்று கேட்டார்கள். வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்கலாம், குடியிருப்பது குடும்பமே. அப்படிச் சேர்த்து எழுதினால் தொகை பெரிசாகத் தெரியும், பெண்கள் கைக்கு வருவது கூடாது.

எழுதின பணம் செலவாகணுமே, அது மூன்றாவது விஷயம். டெல்லியில் 2012 டிசம்பரில் நடந்த கொடுமைக்குப் பிறகு, 2013-14 பட்ஜெட்டில் நிர்பயா நிதி என்று 1,000 கோடி ரூபாய் அறிவித்தார்கள். முதல் சில ஆண்டுகள் அதில் பெரும் பகுதி செலவாகாமலே கிடந்தது. அடிபட்டு வந்த பெண்ணுக்கு ஒதுங்க இடமில்லை, பணம் மட்டும் கணக்கில் இருந்தது! ஆய்வு அமைப்புகள் இதைத் திரும்பத் திரும்ப எழுதின, நாடாளுமன்றத்திலும் கேள்வி எழுந்தது. இன்று மாவட்டங்களில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையங்கள் இந்த நிதியிலிருந்து தொடங்கப்பட்டவைதான்.

இந்த அமைப்புகளிடம் அதிகாரம் எதுவும் கிடையாது. பட்ஜெட் வந்த ஓரிரு நாளில் படித்து, எம்.பி.க்களுக்கும் பத்திரிகைகளுக்கும் புரிகிற மாதிரி சுருக்கமாக எழுதிக் கொடுக்கிறார்கள். பிறகு மூன்று தொகையைப் பார்க்கிறார்கள்: ஒதுக்குவதாகச் சொன்னது, நடுவில் திருத்தியது, உண்மையில் செலவானது. கடைசித் தொகை இரண்டு வருஷம் கழித்துத்தான் பட்ஜெட் புத்தகத்தில் வரும். அதுவரை மறக்காமல் இருப்பதுதான் அவர்கள் பலம்.

ஒன்று மட்டும் கவனம். ஆய்வு நிறுவனம் என்று பெயர் இருந்தாலே நம்ம பக்கம் என்று நினைக்க வேண்டாம். சில நிறுவனங்கள் அரசு பணத்தில் நடக்கின்றன, சில பெரிய கம்பெனிகள் பணத்தில் நடக்கின்றன. யார் காசில் நடக்குது என்று கேட்டுவிட்டுத்தான் அவர்கள் சொல்வதை எடுத்துக்கொள்ளணும். எங்களைப் போன்ற தொண்டு நிறுவனங்களையும் அப்படியே கேளுங்கள்.

இப்போது நாம செய்யக்கூடியது என்ன? ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஒரே ஒரு திட்டத்தை எடுப்போம். நம்ம மாவட்டத்து சேவை மையத்தையே எடுக்கலாம். எவ்வளவு பணம் வந்தது, எவ்வளவு செலவானது, எத்தனை பணியாளர்கள் இருக்கிறார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்போம். கட்டணம் 10 ரூபாய்தான். வருகிற பதிலைக் குழுக் கூட்டத்தில் படித்துத் தீர்மானம் போடுவோம். டிசம்பருக்கு முன்னால் நம்ம எம்.பி. கையில் அதைக் கொடுப்போம். பிப்ரவரியில் போய் நின்றால் அச்சடித்த புத்தகத்தைத்தான் பார்க்கலாம்.

மாதா மாதம் சந்தாவில் பத்து ரூபாய் குறைந்தால்கூட விடமாட்டோம் நாம. நம்ம பேரில் எழுதுற பணத்தை மட்டும் ஏன் விடணும்?