தாடியஸ் ஸ்டீவன்ஸ் சரித்திரம்

(நமது மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பெரியோர் சரித்திரத்தைக் கூறப் புகுவோர் அவர்தம் குணங்களை அடுக்கியுரைத்துக் குற்றங்களை மறைத்துவிடுதல் வழக்கமாயிருக்கின்றது. இன்று நாம் எடுத்துக்கொண்ட தாடியஸ் ஸ்டீவன்ஸ் என்னும் அமெரிக்க வக்கீலின் விஷயத்தில் அவ்விதம் செய்ய நமக்கு மனம் ஒவ்வவில்லை. அவர் செய்த பிழையொன்றை அறிந்தாலன்றி அவர் பெருமை விளங்காது.

இவர் 1792ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் தேதி வெர்மாண்டைச் சேர்ந்த டான்வில் என்னும் ஊரில் எளிய குடியில் ஜனித்தார். பிறவியிலேயே ஒரு பாதம் கோணியிருந்தது. தந்தையார் குடும்பத்தைக் கைவிட்டகன்றார். தாயார் ஸாரா அம்மையார் நான்கு புதல்வரையும் தம் உழைப்பினால் வளர்த்து, தாடியஸைக் கல்வியில் செலுத்தினார். டார்ட்மத் கலாசாலையில் 1814இல் தேர்ச்சி பெற்ற மைந்தர், பிற்காலத்தில் பொருளீட்டித் தாயாருக்கு 250 ஏக்கர் நிலமும் 14 கறவைப் பசுக்களும் வாங்கிக்கொடுத்தார். தம் வாழ்நாளில் தாம் அடைந்த பேரின்பம் அதுவேயென்று அவர் கூறியதுண்டு.

1816இல் பென்ஸில்வேனியாவிலுள்ள கெட்டிஸ்பர்க் நகரில் வக்கீல் தொழில் தொடங்கினார். 1821இல் ஒரு வழக்கு வந்தது. சாரிட்டி பட்லர் என்னும் அடிமைப் பெண், தனக்கும் தன் மக்களுக்கும் விடுதலை வேண்டினாள். அண்டை நாடாகிய மேரிலாந்திலிருந்து அழைத்துவரப்பட்ட அடிமை ஆறு மாதம் பென்ஸில்வேனியாவில் வைத்திருக்கப்பட்டால் விடுதலையடையலாம் என்பது சட்டம். அவள் பல தடவைகளில் வந்து தங்கிய நாட்களைக் கூட்டினால் ஆறு மாதத்திற்கு மேலாகும். ஸ்டீவன்ஸோ உடைமைக்காரர் பக்கம் நின்று, ஆறு மாதமும் இடைவிடாது தொடர்ந்திருத்தல் வேண்டுமென வாதாடி வென்றார். தாயும் மக்களும் அடிமைத்தளையிலேயே நின்றனர். சட்டம் வக்கீல் பக்கம். தருமம் அப்பெண்ணின் பக்கம்!

அதன் பின்னர் அவர் வாழ்வு திரும்பிய திசையைக் கவனிப்போமாக. தப்பியோடிவந்த அடிமைகளுக்காகப் பல வழக்குகளில் வாதாடினார். 1838இல் பென்ஸில்வேனியாவின் புதிய அரசியல் விதி வாக்குரிமையை வெள்ளையருக்கே உரித்தாக்கியபோது, அதில் கையொப்பமிட மறுத்தார். 1851இல் கிறிஸ்டியானா என்னுமிடத்தில், அடிமைகளைப் பிடிக்க வந்த உடைமைக்காரர் கொல்லப்பட்டார். அது குறித்து ராஜத்துரோகக் குற்றஞ்சாட்டப்பட்ட காஸ்ட்னர் ஹான்வேயின் சார்பில் நின்ற வக்கீல்களுள் இவரும் ஒருவர். ஹான்வே விடுதலையானார்.

கல்விக்காக அவர் செய்த போரைப் பெற்றோர்கள் மறத்தலாகாது. முன்பு பென்ஸில்வேனியாவில் ஏழைச் சிறுவருக்கு இலவசக் கல்வி வேண்டின், பெற்றோர் தம்மை ஏழையரென்று பதிவு செய்துகொள்ளவேண்டும். மானமுள்ளோர் இதற்கு நாணிப் பிள்ளைகளைப் படிப்பியாது விட்டனர். 1834இல் எல்லோர்க்கும் பொதுவான பள்ளிச் சட்டம் பிறந்தது. வரிச்சுமையை வெறுத்தோர் கூக்குரலிட, மறுவருஷமே மேற்சபை அதனை ரத்து செய்யத் துணிந்தது. அச்சட்டத்தை ஆதரித்த கவர்னர் உல்ஃப் எதிர்க்கட்சியினர். எனினும் ஸ்டீவன்ஸ் கட்சி பாராது எழுந்து பேசினார். குற்றமே செய்யாதவனும் நியாயஸ்தலத்திற்கும் சிறைச்சாலைக்கும் வரி கொடுக்கிறானன்றோ. பிள்ளையில்லாதவன் பள்ளிக்கு வரி கொடுக்க ஏன் தயங்கவேண்டும் என்பது அவர் கேள்வி. சட்டம் பிழைத்தது.

உள்நாட்டுப் போரின்போது காங்கிரஸில் வரவு செலவுக் கமிட்டியின் தலைவராயிருந்து போர்ச் செலவிற்குப் பொருள் திரட்டினார். 1863இல் எதிரிகள் அவருடைய இரும்பாலையைக் கொளுத்தினர். அவர் கொள்கை தளரவில்லை. அடிமைத்தனத்தை ஒழித்த 13ஆவது திருத்தம் 1865இல் நிறைவேறியது. நிலமின்றி விடுதலை நிலைக்காதெனக் கண்டு, கலகம் செய்த பெருநிலக்காரரின் நிலத்தைப் பறிமுதல் செய்து, விடுதலையடைந்த ஆடவர் ஒவ்வொருவருக்கும் 40 ஏக்கர் அளிக்கவேண்டுமென வற்புறுத்தினார். அது நிறைவேறவில்லை. சமபாதுகாப்பளிக்கும் 14ஆவது திருத்தம் தாம் விரும்பியவளவு முழுமையானதன்றென்று வெளிப்படையாய்ச் சொல்லியும், கிடைத்த நன்மையைக் கைவிடலாகாதென்று 1866இல் அதற்கு வாக்களித்தார். 1868இல் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்ஸன்மீது குற்றஞ்சாட்டி விசாரித்த காலத்தில், நடக்கவியலாத அவரை நாற்காலியில் வைத்துச் சுமந்துவந்தனர். ஒரு வாக்குக் குறைவினால் ஜான்ஸன் தப்பினார். அவ்வாண்டு ஜூலையில் 14ஆவது திருத்தம் உறுதியாயிற்று. ஆகஸ்டு 11ஆம் தேதி ஸ்டீவன்ஸ் காலமானார்.

அன்பர்களே! அவர் எழுதிவைத்த உயிலை நாம் சிந்திக்கவேண்டும். அநாதைக் குழந்தைகளுக்கு ஓர் இல்லம் வேண்டும். அதில் நிறமும் குலமும் பாராது யாவரும் ஒரே வகுப்பில் படித்து, ஒரே மேஜையில் உண்ணவேண்டும் என்று விதித்தார். அவர் பெயரால் 1905இல் லாங்காஸ்டர் நகரில் தொழிற்பள்ளி ஒன்று ஏற்பட்டது. அவ்வூரின் பெரிய மயானங்கள் வெள்ளையரையே ஏற்றமையால், எல்லா நிறத்தாருக்கும் இடமளித்த சிறு மயானத்திலேயே தம்மைப் புதைக்கும்படி ஏற்பாடு செய்தார். அக்காரணத்தைத் தம் கல்லறையிலும் பொறிக்கச் செய்தார்.

நாம் ஒரு சமூகத்தாராய்க் கூடியிருப்பது நம் பிள்ளைகளின் நன்மைக்காக. அது தவறன்று. ஆயினும், நம் பிள்ளைகளுக்கு நாம் தேடும் கல்வியும் மானமும் அயலான் பிள்ளைக்கும் உரியவையென்று எண்ணுகின்றோமா? நம் பந்தியில் அவனுக்கும் ஓர் இலை உண்டா? சாரிட்டி பட்லருக்கு ஸ்டீவன்ஸ் இழைத்த தீங்கு நீங்கவேயில்லை. எத்தனை சட்டங்கள் பின்னர் இயற்றியும் அந்தத் தாயின் நாட்கள் திரும்பி வந்தனவல்ல. ஆதலின், பிழை செய்தபின் திருந்துவது மேன்மையேயாயினும், செய்யுமுன் நின்று சிந்திப்பது அதனினும் மேன்மை என்று கூறி அமைகின்றோம்.