மைனஸால வகுத்தா குறி ஏன் திரும்புது?

இன்னைக்கு எபிசோடில கொஞ்சம் ஸ்கூல் அல்ஜீப்ரா. ஸ்கிப் பண்ணிடாதீங்க, இதுல உங்க வேலையும் வாடகையும் இருக்கு.

நம்ம வயசுல நிறைய பேர் மனசுல ஓடுற கேள்வி இது: வேலைய விட்டுட்டு ஒரு கோர்ஸ் படிச்சா, கையில இருக்கிற காசு எத்தனை மாசம் தாங்கும்?

ஒருத்தர்கிட்ட 2,00,000 ரூபாய் சேமிப்பு இருக்குன்னு வெச்சுக்குவோம். வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்புறது எல்லாம் சேர்த்து மாசச் செலவு 25,000. அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தா எடுக்கறதுக்கு 50,000 ரூபாய் எப்பவும் கையில இருக்கணும். மாதங்களோட எண்ணிக்கையை 'ம'ன்னு எழுதுவோம்.

2,00,000 − 25,000ம = 50,000

இது சமன்பாடு. தராசு மாதிரி, ஒரு தட்டுல என்ன செய்றோமோ அதையே அடுத்த தட்டுலயும் செய்யணும். "அந்தப் பக்கம் போனா பிளஸ் மைனஸ் ஆயிடும்"னு மனப்பாடம் பண்ணினோம் இல்ல? உண்மையில எதுவும் எங்கயும் போகல. ரெண்டு பக்கமும் 2,00,000 கழிக்கிறோம், அவ்வளவுதான்.

−25,000ம = −1,50,000

ரெண்டு பக்கமும் −25,000 ஆல வகுத்தா, ம = 6.

ஆனா நம்ம கேள்வி "சரியா 50,000 எப்போ மிஞ்சும்?" இல்ல. "50,000க்குக் குறையாம எத்தனை மாசம் ஓட்டலாம்?" அப்போ சமக்குறி போதாது. இது அசமன்பாடு.

2,00,000 − 25,000ம ≥ 50,000
−25,000ம ≥ −1,50,000

இங்கதான் பலர் தடுக்கி விழுவாங்க. மைனஸ் எண்ணால வகுத்தா குறி திரும்பும்: ம ≤ 6. திருப்பாம விட்டா ம ≥ 6ன்னு வரும். அதாவது "குறைஞ்சது ஆறு மாசம் வேலை இல்லாம இருங்க"ன்னு அர்த்தம்! 7 போட்டுச் சரிபாருங்க: 2,00,000 − 1,75,000 = 25,000. அம்மாவுக்குன்னு வெச்ச பணத்துல பாதி காலி.

ஏன் திரும்புது? 3ஐ விட 5 பெருசு. ரெண்டையும் கடனா மாத்துங்க. இப்போ 3 ரூபாய் கடன் இருக்கிறவர்தான் மேல். −3 > −5. மைனஸால பெருக்கினாலும் வகுத்தாலும், பூஜ்ஜியத்துல கண்ணாடி வெச்ச மாதிரி எண்கோடு இடம் வலமா மாறிடுது.

நம்பிக்கை வரலையா? மைனஸே வராம செய்வோம். ரெண்டு பக்கமும் 25,000ம கூட்டுங்க:

2,00,000 ≥ 50,000 + 25,000ம
1,50,000 ≥ 25,000ம
6 ≥ ம

அதே பதில். கழிக்கப்பட்டிருக்கிற உறுப்பை இப்படி ரெண்டு பக்கமும் கூட்டிச் சரிசெய்றதுக்கு, 9ஆம் நூற்றாண்டில பாக்தாத்தில இருந்த அல்-குவாரிஸ்மி வெச்ச பேர்தான் 'அல்-ஜப்ர்'. அல்ஜீப்ராங்கற சொல் அதுல இருந்து வந்தது. நாம ஆபீஸ்ல தினமும் சொல்ற அல்காரிதம், அவரோட பேர்ல இருந்தே வந்தது.

சரி, கோர்ஸ் 8 மாசம்னா? கனவை மூட்டை கட்டணுமா? வேண்டாம். தெரியாத எண்ணை மாத்துங்க. இப்போ மாசச் செலவுதான் 'செ'.

2,00,000 − 8செ ≥ 50,000
செ ≤ 18,750

அதாவது மாசம் 6,250 ரூபாய் செலவைக் குறைக்கணும், இல்ல அந்த அளவுக்குப் பகுதிநேர வருமானம் தேடணும். ரூமை ஷேர் பண்ணலாம், வார இறுதியில டியூஷன் எடுக்கலாம். "பயமா இருக்கு"ன்னு இருந்தது, "6,250 குறையுது"ன்னு மாறிடுச்சு. பயத்தை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. 6,250ஐ வெச்சு ஏதாவது பண்ணலாம்.

ராஜினாமா மெயில் டைப் பண்றதுக்கு முன்னாடி உங்க எண்களைப் போட்டுப் பாருங்க. வர்ற விடையைவிட ஒரு மாசம் கூடப் போட்டு, கையில என்ன மிஞ்சுதுன்னும் பாருங்க. குறி சரியா இருக்கான்னு அதுவே சொல்லிடும். அடுத்த எபிசோடில பார்ப்போம்.